கருப்பம்மாவுக்கு எண்பத்தைந்து

அருவங்காடு
9 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள சரிதாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் வலது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். முடிச்சுப் போட இடது கை மட்டும் போதவில்லை. ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. அப்படியே பல் தேய்த்தேன், முகம் கழுவினேன், உடை மாற்றப் பார்த்தேன். என் கணவர் பிரைட்டன் அடுப்படிக்கு வந்து பார்த்துவிட்டு, "என்ன ரேச்சல், காலங்காத்தால யாரு உன்னைக் கட்டிப்போட்டது? சர்ச்சுக்கு வராம இருக்க இது புது வழியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்தது. போனில் பேச மாட்டேன், பேசினதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடுவீர்கள், எழுதித்தான் தர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. பக்கவாதம் வந்து வலது கை விழுந்த உங்கள் அம்மாவுக்கு ஏப்ரல் 2ஆம் தேதி எண்பத்தைந்து மதிப்பெண் போட்டது யார், எதை வைத்துப் போட்டார்?

போட்டது நான்.

எதை வைத்து என்பதைச் சொல்கிறேன். பக்கவாதத்திலிருந்து மீண்டு வருகிற ஒருவரின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு அவர் கைக்குத் திரும்பியிருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. பத்து விஷயங்கள். சாப்பிடுவது, குளிப்பது, தலை வாரி முகம் கழுவுவது, உடுத்துவது, மலம், சிறுநீர் இரண்டும் கட்டுப்பாட்டில் இருப்பது, கழிப்பறைக்குப் போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது. எல்லாம் தானே செய்தால் நூறு. அறுபதுக்குக் கீழே இருந்தால் வாரத்தில் நான்கு நாள் எங்கள் உதவியாள் வீட்டுக்கு வருவார். அறுபதைத் தாண்டினால் அந்த வீட்டை நிறுத்திவிட்டு, காத்திருக்கிற அடுத்தவருக்கு அவரை அனுப்புவோம். அதனால்தான் பாலாமணி ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அது அவள் தப்பில்லை.

டிசம்பரில் அம்மாவுக்கு முப்பது. பிப்ரவரியில் ஐம்பத்தைந்து. ஏப்ரலில் எண்பத்தைந்து. உங்களுக்கு வந்த தாளில் இருந்த எண் அதுதான். அன்று செய்து காட்டக்கூடியதையெல்லாம் அம்மா என் கண் முன்னால் செய்து காட்டினார்கள். எதையும் நான் கற்பனையாக எழுதவில்லை.

ஏப்ரல் 27 காலையில் கழிப்பறைக்குப் போகும் படியில் அம்மா விழுந்ததும், பன்னிரண்டாம் நாள் அவர்கள் போய்விட்டதும் யாரும் எதிர்பார்க்காதது. அடக்கத்துக்கு வந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். உங்கள் பக்கத்தில் வரத் துணியவில்லை.

காலையில் கையைக் கட்டிக்கொண்டு எல்லாம் செய்து பார்த்தேனே, இட்லி மட்டும் சாப்பிட முடியவில்லை. இடது கையால் பிட்டேன், தூக்கினேன், வாய்க்குப் பக்கத்தில் வந்து கை நின்றுவிட்டது. கட்டை அவிழ்த்துவிட்டுச் சாப்பிட்டேன்.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்,
ரேச்சல்


நாலாம் நம்பர் லயம், மேல் டிவிஷன்
கட்டபெட்டு வழி
15 ஜூன்

ரேச்சல் மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் பாதிக்கு மேல் படிவத்தைப் பற்றித்தான் இருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் பி.எட். கடைசி செமஸ்டர் வரைக்கும் வந்தவள். மார்க் போடுவது எப்படி என்று எங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. கண் முன்னால் செய்துவிட்டால் போதும் என்று அதில் எங்கேயும் இல்லை.

இந்த வாரம் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பெட்டி. மேலே இரண்டு சேலை, கீழே என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அதற்குக் கீழே ஒரு ஸ்பூன். பிடி தடியாக, கழுத்து வளைந்த ஸ்பூன். உங்கள் ஆஸ்பத்திரி பேர் ஒட்டின பிளாஸ்டிக் கவர். கவரைப் பிரிக்கவே இல்லை மேடம். ஸ்டேப்ளர் முள்கூட அப்படியே இருக்கிறது. பின்னே எப்படி அந்தத் தாளில் சாப்பாட்டுக்கு முழு மார்க்?

பாலாமணி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏங்கண்ணு, உனக்குத் தெரியாதா? உங்கம்மா பீச்சாங்கையில ஒரு வாய் வெக்காதுங்க. கழுவுற கையில எப்படித் திங்கறதுன்னு கேக்கும். ஸ்பூனு இருக்குதேன்னா, ஸ்பூனைப் புடிக்கறதும் அந்தக் கைதானேங்கும். நாலு நாளும் நாந்தான் ஊட்டி உடுவேன். மத்த மூணு நாளு டீயும் ரொட்டியும், அதையும் பல்லுல கவ்வித் திங்கும்" என்றது.

பாலாமணி அக்காவை நிறுத்தின பிறகு ஏழு நாளும் அந்த மூன்று நாள் மாதிரிதான். வெட்டின தேயிலைக் கொழுந்துக் கூடைக்கு இருக்கிற கனம்கூட அம்மாவுக்கு இல்லை என்று ராஜரத்தினம் மாமா சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர். காலையில் ஆறரை மணிக்குத் தோட்டத்தில் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகிற வழியில் அவர்தான் பார்த்துத் தூக்கினார். "புள்ள, நான் ஒத்தக் கையில தூக்கினேன்" என்றார். ஆஸ்பத்திரியில் எடை முப்பத்தொரு கிலோ. பொங்கலுக்கு நான் வந்தபோது நாற்பத்து நாலு.

படி ஏறுவதற்கும் மார்க் போட்டிருக்கிறீர்கள். எங்கள் வாசலில் ஒரு படி இருக்கிறது. கக்கூசுக்கு இறங்கப் பத்தொன்பது படி, மண்ணில் வெட்டினது, மழை பெய்தால் பாசி. இன்று உட்கார்ந்து எண்ணினேன். நீங்கள் எந்தப் படியை அளந்தீர்கள்?

சுற்றி வளைக்காமல் ஒன்று சொல்லுங்கள். என் அம்மா உங்கள் முன்னால் தன் கையால் சாப்பிட்டாளா? ஆமாம் அல்லது இல்லை.

க. சரிதா


அருவங்காடு
19 ஜூன்

சரிதா,

ஆமாம், சாப்பிட்டார்கள். மூன்று வாய். ஆனால் அந்த "ஆமாம்" பொய்யை விட மோசமானது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

அன்று நான் உள்ளே வந்ததுமே அம்மா பாலாமணியிடம், "பாலாமணி, போய்ப் பீலியில தண்ணி புடிச்சிட்டு வா" என்றார்கள்.

"ஏனுங்கம்மா, இப்பத்தான குடத்தை நெறைச்சு வெச்சேன்?"

"இன்னொரு கொடம் புடி. தண்ணி என்ன, துரை ஊட்டுல இருந்தா வருது? போடி."

அவள் முனகிக்கொண்டே போனாள். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். இலங்கைத் தோட்டத்தில் நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி என்னை எப்போதும் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸ்ஸி, இன்னைக்கு எத்தனை வாங்குனா நீங்க வர மாட்டீங்க?"

நான் சிரித்துவிட்டேன். "நான் வர்றது அவ்வளவு தொந்தரவா இருக்கா?"

"நீங்க வந்துக்கிட்டே இருந்தா எம்புள்ளயும் வந்துருவா."

பிறகுதான் சொன்னார்கள். நீங்கள் சித்திரை ஒன்றுக்கு லீவில் வருவதாகவும், வந்தால் திரும்பிப் போக மாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டதாகவும். "ஆபீஸ் கிளாக்கரு சொல்லிட்டாரு மிஸ்ஸி. இந்த வருசத்தோட எம்பேர வெட்டிருவாங்க. தோட்டத்து லயத்து வீடு கையில இருக்கணும்னா கொழுந்தெடுக்க அவ பேரப் பதியணும். பதிஞ்சிருவா. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா, நேராப் போயி பதிஞ்சிருவா. பதினாலு வயசுல கப்பலேறி வந்து இந்தக் கூடையத் தூக்கினேன். இன்னும் ரெண்டு மாசத்துல பரீட்ச. அதுவரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு ஒரு கடுதாசி போனாப் போதும்."

அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா, நீங்கள் செய்வதைத்தான் நான் எழுத வேண்டும் என்றேன். "அப்ப செய்யறேன், பாருங்க" என்றார்கள்.

செய்தார்கள். சேலையை ஒற்றைக் கையால் சுற்றி, பல்லால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரத்தில் கட்டி முடித்தார்கள். சுவரைப் பிடித்து நடந்தார்கள். படி என்றேன். வாசல் படியில் இறங்கி ஏறினார்கள். கீழே இருக்கிற பத்தொன்பதை நான் கேட்கவில்லை. கடைசியில் சோறு. ஸ்பூனை எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். எனக்கு முதுகுதான் தெரிந்தது. இடது முழங்கை மூன்று தடவை மேலே போய் வந்தது. பிறகு அந்தக் கையைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். தேய்த்தபடியே, "போட்டுட்டீங்களா மிஸ்ஸி?" என்றார்கள்.

போட்டேன்.

படிவத்தின் தலைப்பிலேயே ஒரு விதி இருக்கிறது. அவரால் செய்ய முடியுமா என்று பார்க்காதே, தினமும் செய்கிறாரா என்று பார். புதிதாக வருகிற பெண்களுக்கு ஒன்பது வருடமாக இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான். என் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றபோது அந்த விதி நினைவில் இருந்தது. மறந்துபோய் எழுதவில்லை.

அம்மா உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்டார்கள். அந்த வாக்கையும் இன்று உடைத்துவிட்டேன்.

ரேச்சல்


நாலாம் நம்பர் லயம்
24 ஜூன்

ரேச்சல் மேடம்,

நான்கு நாள் உங்கள் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேன். வெளியே இருந்தால் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

நீங்கள் ஒன்றை எழுதிவிட்டீர்கள். நானும் ஒன்றை எழுத வேண்டும். இல்லாவிட்டால் உங்களை மட்டும் திட்டிக்கொண்டு சௌகரியமாக இருந்துவிடுவேன்.

எண்பத்தைந்து என்று தாள் வந்த அன்று கோயம்புத்தூர் ஹாஸ்டலில் அதை எல்லோரிடமும் காட்டினேன். என் அம்மா பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. பிறந்ததிலிருந்து அவள் வாங்கின ஒரே மார்க் அது. என் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்தேன். "உங்கம்மா உன்னைவிட நல்லா வாங்கியிருக்காங்கடி" என்று ரூம்மேட் கிண்டல் பண்ணினாள். சித்திரைக்கு ஊருக்கு எடுத்த டிக்கெட்டை அன்றைக்கே ரத்து செய்துவிட்டேன்.

ஏப்ரல் 20 வாக்கில் பாலாமணி அக்கா போன் பண்ணியது. "கண்ணு, அந்தப் பக்கமாப் போனேன், அம்மாவைப் பாத்தேன். இளைச்சுப் போச்சு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு" என்றது. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அக்கா, மார்க் எண்பத்தஞ்சு வந்திருக்கு. எங்க வீட்டு வேலை போயிருச்சுன்னு இப்படிச் சொல்றீங்களா?"

அக்கா போனை வைத்துவிட்டது. பாலாமணி அக்கா இதை உங்களிடம் சொல்லியிருக்காது. என்னிடமும் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு ஸ்பூனைப் பற்றிக் கேட்டபோதும் கண்ணு என்றுதான் கூப்பிட்டது.

அம்மா நன்றாக இருக்கிறாள் என்று நம்ப எனக்கு ஆசையாக இருந்தது மேடம். அவள் பொய் சொன்னாள், நீங்கள் எழுதினீர்கள், நான் ஒட்டி வைத்தேன். மூன்று பேரும் சேர்ந்துதான்.

இன்னொன்று. மே மாதப் பரீட்சையை நான் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் அம்மாவின் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தேன். ஹாஸ்டலில் என் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கே தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்து, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணு, இல்லாவிட்டால் பேரைப் பதி என்றார்கள். வியாழக்கிழமை பதிந்துவிட்டேன். கிளார்க் அம்மாவின் பேரை அடித்துவிட்டு அதே வரியில், பக்கத்திலேயே என் பேரை எழுதினார். வேறு பக்கத்துக்குக்கூடப் போகவில்லை. இன்றோடு மூன்று நாள் கொழுந்து எடுத்திருக்கிறேன். விரல் நுனி கறுத்துவிட்டது. கங்காணி, "ஆத்தாளோட கை அப்படியே இருக்கு உனக்கு" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறார்.

அம்மா கேட்டது எதற்காகவோ அது நடக்கவில்லை. நடந்திருந்தால் உங்களை நான் மன்னித்திருப்பேனோ என்னவோ, தெரியாது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் அம்மாவுக்கு உண்மையில் எத்தனை? அதை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தப் பொய் மார்க்கை வைத்துக்கொண்டு என்னால் அவளை நினைக்க முடியவில்லை.

சரிதா


அருவங்காடு
30 ஜூன், ஞாயிறு

சரிதா,

வியாழக்கிழமை பதிந்துவிட்டேன் என்ற வரியைப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் யார் என்ன கேட்டாலும் இரண்டாம் முறைதான் காதில் விழுந்தது.

நீங்கள் உங்களுடையதைச் சொன்னீர்கள். என்னுடையதில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. அம்மா கேட்டதால்தான் போட்டேன் என்று எழுதியிருந்தேன். படிக்கிறவருக்கு அது இரக்கம் மாதிரி தெரியும். எனக்கே கொஞ்ச நாள் அப்படித்தான் தெரிந்தது. நான் போகிற வீடுகளில் உங்கள் டிவிஷன்தான் ஆகத் தூரம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் மேடு. எனக்கு முழங்கால் வலி. மார்ச் முழுக்க, அந்த மேட்டில் ஏறும்போதெல்லாம், இந்த அம்மா அறுபதைத் தாண்டிவிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்திருக்கிறேன். அம்மா வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே என் கால் சம்மதித்துவிட்டது.

அது மட்டும் இல்லை. நிறுத்தின வீடுகளுக்கு மூன்று வாரம் கழித்து ஒரு தடவை நேரில் போக வேண்டும் என்று விதி. நான் போகவில்லை. ஏப்ரல் 23ஆம் தேதி போன் பண்ணினேன். "சாப்பிட்டீங்களாம்மா?" என்றேன். "ஆச்சு மிஸ்ஸி" என்றார்கள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். "எண்பத்தைந்து, மாற்றமில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த நம்பரைப் போட்டேன். விழுவதற்கு நான்கு நாள் முன்னால்.

நீங்கள் கேட்டது இதோ. படிவத்தின் நகல் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். சாப்பிடுவது பத்து என்று இருந்ததை அடித்து ஐந்து ஆக்கியிருக்கிறேன். ஊட்டிவிட ஆள் வேண்டும். குளிப்பது பூஜ்யம், பாலாமணிதான் குளிப்பாட்டினாள். உடுத்துவது ஐந்து. கால் மணி நேரம் பல்லால் கடித்துக் கட்டுவதை யாரும் தினமும் செய்வதில்லை. சிறுநீர் ஐந்து, இரவுகளில் படுக்கை நனைந்ததை அவர்கள் மறைத்தாலும் துணிக்கொடி மறைக்கவில்லை. கழிப்பறை ஐந்து. படி பூஜ்யம். மற்ற நான்கையும் தொடவில்லை, அவை உண்மை. முகம் கழுவித் தலை வாரிக்கொள்வதில் அம்மாவுக்கு முழு மதிப்பெண். கடைசி வரை யாரையும் அதில் தொடவிட்டதில்லை.

கூட்டினால் ஐம்பத்தைந்து. பிப்ரவரியில் இருந்த அதே எண். உதவியாளை நிறுத்தவே முடியாத எண்.

வெள்ளிக்கிழமை இதை எங்கள் டாக்டரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ரேச்சல், திங்கட்கிழமை கூட்டத்துல நம்ம வருஷக் கணக்கை வாசிக்கப் போறோம். இருபத்தாறு பேரை நல்லபடியா அனுப்பியிருக்கோம். ஒண்ணைத் தப்புன்னு சொன்னா இருபத்தாறையும் சந்தேகப்படுவாங்க. அந்தம்மா போயாச்சு. இருக்கிறவங்களைப் பாருங்க" என்றார். சரிங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை என் வாயிலிருந்து வந்தது அந்தச் "சரி" மட்டும்தான்.

இருக்கிறவர்களைப் பார்க்கச் சொன்னார் அல்லவா? நேற்று விடுமுறை. சொல்லாமல் பிக்கட்டிக்குப் போனேன். பிப்ரவரியில் நான் தொண்ணூறு போட்ட முருகன் வீடு. மத்தியானம் ஒரு மணி. கதவு திறந்துதான் இருந்தது. அவர் மனைவி சோற்றைப் பிசைந்து அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இன்னைக்கு மட்டுந்தானுங்க" என்றார். முருகன் தரையைப் பார்த்தார். சாயங்காலம் வரை அங்கேயே இருந்து பத்தையும் மறுபடி கேட்டு எழுதினேன், நாற்பத்தைந்து. இருபத்தாறு வீட்டிலும் நான் போனது காலை பத்தரை மணிக்கு, முன்கூட்டியே சொல்லிவிட்டு. சாப்பாட்டு வேளையில் ஒருவர் வீட்டில் போய் நிற்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவள் நான். ஒன்பது வருடத்தில் ஒருவர் சாப்பிடுவதைக்கூட நான் அவர்களுடைய சாப்பாட்டு நேரத்தில் பார்த்ததில்லை.

பரீட்சையை எழுதுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நவம்பரில் மறுபடி வருகிறது என்று தெரியும். உங்களுக்கும் தெரியும். அம்மா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பிரைட்டன் பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளை உடுத்த என்ன சேலை எடுத்து வைத்தாய் என்று கேட்டார், சொன்னேன். இனி எழுதப்போவதை அவரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. நாளை காலை கூட்டத்தில் அந்தக் கணக்கை வாசிக்கப் போகிறவள் நான். முதல் பெயராகக் கருப்பம்மா என்று வாசிப்பேன். ஐம்பத்தைந்து என்று வாசிப்பேன். அடுத்து முருகன், நாற்பத்தைந்து. அதற்கு மேல் என்னை வாசிக்க விடுவார்களா, தெரியாது. வேலை இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் போனாலும் செவ்வாய்க்கிழமை முதல் மீதி இருபத்து நான்கு வீட்டுக்கும் போவேன். பத்தரைக்கு இல்லை. ஒரு மணிக்கு.

ரேச்சல்